அரியலூரில் இருதயங்கள் பெருத்த வருஷம்

போன மாதம் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மார்பில் ஜில்லென்று பசை தடவி, ஒரு பெண் கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினாள். எக்கோ என்றார்கள். பக்கத்தில் டிவி மாதிரி ஒரு பெட்டியில் என் இருதயம் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு காற்றில் திறந்து மூடுவதுபோல வால்வு திறந்து மூடியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவள் சொன்னாள்: "தாத்தா, மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா சொல்றே? விடணுமா, இழுக்கணுமா? தெளிவாச் சொல்லு."

"விடணும் தாத்தா. வெளிய விடணும். விட்டாத்தான் நுரையீரல் ஒதுங்கி இருதயம் நல்லாத் தெரியும்."

"விட்டா பெரிசாத் தெரியாதா?"

"இது எக்ஸ்ரே இல்ல தாத்தா, நிழலைப் பாத்து அளக்கறதுக்கு. நேரா இருதயத்தையே அளக்கறோம். படுங்க."

படுத்தேன். ஆனால் 'விடணும்' என்று அவள் சொன்ன ஒரு வார்த்தை உள்ளே கிடந்து உறுத்துகிறது. எங்கள் எக்ஸ்ரே உதவியாளர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி இரண்டு வருஷமாக நச்சரிக்கிறார்கள். "இருதய வீக்கத்துக்கு எக்ஸ்ரேவா, எக்கோவா, ஸ்கேனா, எது மேல்? பழைய ஆள் என்ற முறையில் எழுதுங்கள்" என்று கேள்வியும் கொடுத்திருக்கிறார்கள். நான் ஏழாவது வகுப்போடு நின்றவன். எது மேல் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் யுத்தக் காலத்தில் ஒரு வருஷம் அரியலூர் வட்டாரத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் இருதயத்தைப் பெருக்கிவிட்டவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். டாக்டரின் பெயரையும் எழுத மாட்டேன். அவருடைய மகன்கள் டாக்டர்கள், பேரன்கள் வக்கீல்கள். எனக்கு இருதயமும் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான்.

அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரி அது. பாட்டில் கழுவத்தான் நான் சேர்ந்தேன். டாக்டர் எக்ஸ்ரே மிஷின் வாங்கியபோது அதற்கு ஆள் வேண்டியிருந்தது. "நடேசன் பயந்தாங்கொள்ளி. பயந்தவன் எதையும் மூணு தடவை சரிபார்ப்பான்" என்று சொல்லி என்னை அந்த அறைக்குள் தள்ளினார். அவ்வளவுதான் என் படிப்பு. நான் மூன்று தடவை அல்ல, ஐந்து தடவை சரிபார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் போய், பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டேன். அதுதான் இந்தக் கதை.

டாக்டர் மெலிந்த ஆள். எதிலும் அளவு. அவரிடம் இருதயத்தை அளக்க மூன்று வழி இருந்தது. முதல் வழி விரல். இடது கை விரலை மார்பில் படுக்கவைத்து வலது கை விரலால் தட்டுவார். நுரையீரல் இருக்கும் இடத்தில் காலிப் பானைச் சத்தம் வரும், இருதயம் இருக்கும் இடத்தில் நிறைந்த பானைச் சத்தம். சத்தம் மாறும் இடத்தில் நீலப் பென்சிலால் கோடு போடுவார். இரண்டாவது வழி திரை. இருட்டறையில் ஆளைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்தால் இருதயம் பச்சை ஒளியில் துள்ளுவது தெரியும். அதன் ஓரத்தைத் திரைக் கண்ணாடியின் மேல் மெழுகுப் பென்சிலால் வரைந்துகொள்வார். இருட்டுக்குக் கண் பழக வேண்டுமே, அதற்காகக் காலையிலேயே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். அதோடுதான் வார்டைச் சுற்றுவார், அதோடுதான் டிபன் சாப்பிடுவார். ஒரு நாள் தேங்காய்ச் சட்னி என்று நினைத்து, நான் களிம்பு கலக்கி வைத்திருந்த கிண்ணத்தில் இட்லியைத் தொட்டுவிட்டார். ருசியை வைத்துக் கண்டுபிடித்தாரே தவிரக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

மூன்றாவது வழி பிலிம். அதில்தான் அவருக்கு உயிர். "கேட்டுக்கோ நடேசா. விரல் சொல்றது வதந்தி. திரை சொல்றது சாட்சி. பிலிம் சொல்றது தீர்ப்பு" என்பார்.

பிலிமுக்காகவே சுவரை இடித்தார். விளக்குக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் சுவரில் ராட்சசன் கை விழும். விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சுவரோரமாகப் பிடித்தால் நிழலும் கை அளவுக்கே இருக்கும். இருதய நிழலும் அப்படித்தான். ஆறடி தள்ளி இருந்து எடுத்தால்தான் உண்மை அளவு கிடைக்கும். எங்கள் அறையில் ஆறடி இல்லை. கம்பவுண்டர் அறைச் சுவரில் ஓட்டை போட்டு, எக்ஸ்ரே குழாயை அந்தப் பக்கம் வைத்து, ஓட்டை வழியாகக் கதிரை விட்டார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஆறடி மரச் சட்டத்தை வைத்து அளந்து, கால் அங்குலம் பிசகினாலும் ஆளை நகர்த்துவார். பிலிம் வந்ததும் கவராயம் எடுத்து அளப்பார். இருதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதிக்குள் இருந்தால் ஆள் பிழைத்தான். பாதியைத் தாண்டினால் வீக்கம்.

ஆளை எப்படி நிறுத்துவோம் என்றால், மார்பு பிலிம் பெட்டியில் ஒட்ட வேண்டும், மோவாய் மேலே, கை இரண்டும் இடுப்பில், முழங்கை முன்னால், முதுகு ஓட்டையைப் பார்த்து. ஓட்டைக்குள் குழாய். யுத்தக் காலம் வேறு. சுடப்போகிறார்கள் என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். டாக்டர் கம்பவுண்டர் அறையில் விசைப்பக்கம் நிற்பார். மின்சாரத்துக்காக ஓட்டிய எண்ணெய் எஞ்சின் போடும் சத்தத்தில் அவருக்கு எங்கள் பேச்சு எதுவும் காதில் விழாது. நான் ஆளைத் தயார்செய்து மணி அடித்தால் அவர் விசையை அழுத்துவார். எஞ்சின் முக்கும், எல்லா விளக்கும் மங்கும், படம் விழும்.

ஆளைத் தயார்செய்வதில் கடைசி வேலை மூச்சு. "மூச்சை இழு, நிறுத்து" என்று சொல்லத்தான் டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் செந்துறையிலிருந்து ஒரு வயதான அம்மாவை அவருடைய மகள் கூட்டிவந்தாள். நான் வழக்கம்போல, "மூச்சை இழுங்க" என்றேன். மகள் ஓவென்று கத்தினாள்.

"யாருக்குங்க இழுக்குது? எங்கம்மாவுக்கு இன்னும் இழுக்கலைங்க! காலையில கூழு குடிச்சிச்சுங்க!"

"இல்லம்மா, சும்மா இழுத்து நிறுத்தச் சொன்னேன்."

"நிறுத்தணுமா? மூச்ச நிறுத்தவா இம்மாந்தூரம் கூட்டியாந்தேன்? நீ வாம்மா. இந்த ஆளு வாயிலேர்ந்து நல்ல வார்த்தையே வரலை."

அந்தம்மாவைத் தூக்காத குறையாகக் கூட்டிப் போய்விட்டாள். வாசலில் காத்திருந்தவர்களில் நாலு பேர் கூடவே எழுந்து போய்விட்டார்கள்.

அவள் மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் சாகக் கிடப்பவருக்குத்தான் மூச்சு இழுக்கும். மூச்சு நின்றது என்றால் அதற்கப்புறம் ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு. அவள் வயிற்றெரிச்சல் பலித்துவிட்டால்? ஆஸ்பத்திரிக்கு யாருமே வராமல் போய்விட்டால்? மறுநாளிலிருந்து வார்த்தையை மாற்றினேன். "நல்லா மூச்சு விட்டுக்கிட்டு, அப்படியே ஆடாம நில்லுங்க." கேட்கவே மங்களமாக இருந்தது. மூச்சு விடுவது என்றால் உயிரோடு இருப்பது அல்லவா? இழுப்பதும் விடுவதும் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அழவில்லை. "இப்பல்லாம் கூட்டம் அமைதியாப் போகுதே" என்று டாக்டரே பாராட்டினார்.

அதிலிருந்து அரியலூரில் இருதயங்கள் பெருக்க ஆரம்பித்தன.

முதலில் ஒன்று, பிறகு வாரத்துக்கு நாலைந்து. கவராயம் பாதியைத் தாண்டித் தாண்டி விழுந்தது. பாடாலூர் வியாபாரிக்குப் பெரிசு, செந்துறைக் கணக்குப்பிள்ளைக்குப் பெரிசு. விரலும் திரையும் வேறு மாதிரி சொல்லும், டாக்டர் கேட்க மாட்டார். தீர்ப்பு வந்த பிறகு வதந்தி எதற்கு? யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். அரியலூர் மண்ணுக்குள் சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருதயத்தில் படிந்து வீக்கம். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப இங்கிலீஷில் கட்டுரை எழுதத் தொடங்கினார். தனக்கு மட்டும் திருச்சியிலிருந்து ரயிலில் கேனில் காவிரித் தண்ணீர் வரவழைத்துக் குடித்தார். நாங்கள் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தோம். கட்டுரைக்கு ஆள் வேண்டுமே.

பெருத்தவர்களில் முக்கியமானவர் விக்கிரமங்கலத்து முதலாளி. நிலபுலன் நிறைய. பெரம்பலூர் - அரியலூர் பஸ்ஸும் அவருடையதுதான். நெஞ்செரிச்சல் என்று வந்தார், படம் எடுத்தோம், பெரிசு. மனுஷன் கலங்கவே இல்லை. "நமக்கு நெஞ்சு பெரிசுய்யா, டாக்டரே படம் புடிச்சுப் பாத்துட்டாரு" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். பாகப்பிரிவினை வழக்குப் போடவிருந்த தம்பிகள், அண்ணன் கோர்ட்டில் விழுந்து செத்தால் பழி வரும் என்று பின்வாங்கிவிட்டார்கள். வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. நோய் ஒரு மனிதனுக்கு அவ்வளவு சௌகரியம் செய்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் புது எஞ்சின் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அவருடைய பஸ் டிரைவர் காத்தமுத்து. செந்துறைப் பக்கம். அவர் தெருவிலிருந்து ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள். லாரியில் கிளீனராகப் போய்த் திருச்சியில் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். தெருவில் நடக்கும்போது "டேய் காத்தான்" என்று கூப்பிடுகிறவர்கள், பஸ்ஸில் ஏறியதும் "டிரைவர், கொஞ்சம் நிறுத்துங்க" என்பார்கள். இறங்கியதும் மறுபடி டேய். "என் மருவாதி அந்த சீட்டுல இருக்கு எக்ஸ்ரே. எந்திரிச்சா அங்கயே இருந்துக்கும், என்கூட எறங்காது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என்னை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார். என் குடும்பம் பெரம்பலூரில். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்கு வருவேன். வண்டி வளையும்போதெல்லாம் நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வதை அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

பெட்ரோல் தட்டுப்பாடு, அதனால் கரி பஸ். பின்னால் ஒரு பெரிய டிரம்மில் அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோவார்கள். குழாய் டிரைவரின் காலடி வழியாகப் போகும். ஒரு திங்கட்கிழமை காலை, மருதையாற்றைத் தாண்டியதும் காத்தமுத்து ஸ்டீரிங் மேல் கவிழ்ந்தார். வண்டி தானாக ஒரு கம்பங்கொல்லைக்குள் போய், கொஞ்சம் யோசித்து, நின்றது. கரி பஸ்ஸில் விபத்துகூட மெதுவாகத்தான் நடக்கும். யாருக்கும் அடியில்லை. எனக்கு மட்டும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

முதலாளி அவரை எங்களிடம் அனுப்பினார். டாக்டர் விரலால் தட்டினார். சரியாக இருந்தது. சிவப்புக் கண்ணாடி மாட்டித் திரையில் பார்த்து வரைந்தார். பாதிக்குள் அடங்கியது. பிறகு பிலிம். நான் என் மங்கள வார்த்தையைச் சொன்னேன், மணி அடித்தேன். கழுவி எடுத்துக் காட்டினால், இருதயம் பாதியைத் தாண்டி ஒரு விரற்கடை.

"ரெண்டு சரின்னு சொல்லுதுங்களே ஐயா" என்றேன்.

"வதந்தியும் சாட்சியும் ஆயிரம் சொல்லும். வீக்கம்தான். மயக்கம் அதனாலதான். இனிமே இவன் வண்டி ஓட்டக்கூடாது."

டாக்டர் எழுதிய சீட்டு முதலாளிக்குப் போயிற்று. அவர் அன்றைக்கே காத்தமுத்துவை இறக்கிவிட்டுத் தன் மச்சானை ஏற்றினார். காத்தமுத்துவுக்கும் வழி சொன்னார்: "நெஞ்சு வீங்குனவன் ஸ்டீரிங் புடிக்கக்கூடாதாம்டா. நம்ம கொல்லையில வந்து மம்பட்டி புடி." உட்கார்ந்து செய்கிற வேலை நெஞ்சுக்கு ஆகாது, வெயிலில் மண் வெட்டுவது ஆகும். டாக்டர் சீட்டில் மண்வெட்டி பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

மச்சான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஓட்டுவார். நான் கடைசி சீட்டுக்கு மாறினேன். அங்கே கரி டிரம்மின் சூடு. முன்னால் போனால் மச்சான், பின்னால் போனால் நெருப்பு.

மூன்று வாரம் கழித்துக் காத்தமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மண்வெட்டி பிடித்துக் கையெல்லாம் காப்புக் காய்த்திருந்தது. டாக்டர் வார்டில் இருந்தார்.

"என்னய்யா எக்ஸ்ரே, எம் நெஞ்சக் கொஞ்சம் காட்டு. என் பொழப்பக் கெடுத்தவன் மூஞ்சிய நானும் பாக்கறேன்."

பிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இதா? பூசணிக்காயப் படுக்கப் போட்டாப்புல இருக்கு."

"ஆமாண்ணே. படுத்தாப்புலதான் இருக்கு."

"இருக்காதா பின்ன? நீ மூச்ச விடச் சொன்ன. இருந்த மட்டும் விட்டேன். உள்ள ஒரு பொட்டுக் காத்து இல்ல. அப்புறம் ஆடாம நில்லுன்ன. நின்னேன். கண்ணு இருட்டிக்கிட்டு வருது, நீ ஆற அமர மணி அடிக்கற. கரி பஸ்ஸுல உழுந்ததவிட உங்கிட்டதான்யா நான் சாவத் தெரிஞ்சேன்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிலிமில் விலா எலும்பை எண்ணினேன். நன்றாக மூச்சை இழுத்தவனுக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தடுப்புக்கு மேலே பின்பக்க விலா பத்து தெரிய வேண்டும். இதில் ஏழு. மூச்சை விட்டால் தடுப்பு மேலே ஏறும், ஏறி இருதயத்தை முட்டிப் படுக்கவைக்கும். மார்புக்கூடும் சுருங்கிவிடும். பாதிக் கணக்கு எப்படித் தாண்டாமல் இருக்கும்? அலமாரியைத் திறந்து மற்றப் பிலிம்களை உருவினேன். ஏழு. எட்டு. ஏழு. விக்கிரமங்கலத்து முதலாளிக்கு ஆறரை.

"ஏன்யா வேர்க்குது?" என்றார் காத்தமுத்து.

"ஒண்ணுமில்லண்ணே. வெயிலு."

"ஜன்னலுக்கு உள்ளயா?"

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் காத்தமுத்துவின் டிரைவர் சீட்டு போனது போனதுதான். நான் நினைத்தது தப்பாகி, நிஜமாகவே அவருக்கு வீக்கமாக இருந்துவிட்டால், நான் சொன்னதை நம்பி அவரைத் திரும்ப ஏற்றுவார்கள், அடுத்த திங்கட்கிழமை ஆற்றுக்குள்ளேயே போவோம், நானும் உள்ளே இருப்பேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. பயந்தவனுக்குத்தான் தோன்றும் அந்த மாதிரி வழி.

"ஐயா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க" என்று டாக்டரிடம் போய் நின்றேன். பொய் இல்லை, அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆறடி அளந்தார். பிலிம் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்று, என் மங்கள வார்த்தையை எனக்கு நானே சொல்லி, இருந்த மூச்சையெல்லாம் விட்டுவிட்டு, மணியை நானே அடித்தேன். கழுவியதும் நானே. பெரிசு.

டாக்டர் கவராயத்தை வைத்துவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார்.

"உனக்குமா? எத்தனை வருஷமா இந்தத் தண்ணி குடிக்கிறே?"

"ஐயா, இன்னொண்ணு எடுத்துப் பாருங்க."

"எதுக்கு? பிலிம் கிடைக்கிற காலமா இது?"

அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செந்துறை அம்மா, அவர் மகள், இழுக்கிறது, நிறுத்துவது, மங்களம், காத்தமுத்து, விலா ஏழு. எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் எழுந்து ஆறடிச் சட்டத்தை எடுத்தார். என்னை மறுபடி நிறுத்தினார். விசையைக் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டு, முதல் முறையாக அவரே என் பக்கத்தில் நின்று, "இழு. நிறுத்து" என்றார். எனக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் போலத்தான் இருந்தது.

இரண்டு பிலிமையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். ஒரே ஆள், ஒரே ஆறடி, ஒரே காலை. ஒன்றில் பூசணிக்காய், ஒன்றில் மாங்காய். டாக்டர் கவராயத்தை இரண்டிலும் இரண்டு தடவை வைத்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறடியைக் கால் அங்குலம் பிசகாம அளந்தேன். மூச்சை யார் அளந்தா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் ஓட்டையோடு இருந்தது. என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணி கேன் எத்தனை மாசமா ரயில்ல போயிட்டு வருது நடேசா?" என்றார்.

"எட்டு மாசம் இருக்குங்க."

"நாளையிலேர்ந்து வேண்டாம்."

என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, என்னை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். கட்டுரைத் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கம்பவுண்டர் அதில் மருந்துப் பொட்டலம் மடித்தார். வந்தவர்களை ஒவ்வொருவராக மறுபரிசோதனை என்று கூப்பிட்டுத் திரையில் பார்த்து, "மருந்துல குணமாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பினோம். எல்லாருக்கும் சந்தோஷம். ஆஸ்பத்திரிக்கு நல்ல பெயர் வேறு.

"விக்கிரமங்கலத்தாருக்கும் சொல்லி அனுப்பட்டுங்களா?" என்றேன்.

டாக்டர் சிவப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். புது எஞ்சின் இன்னும் வந்து சேரவில்லை.

"அவர் விஷயத்தில மூச்சு விடாதே."

காத்தமுத்துவுக்கு மறுபடம் எடுத்தோம். "இழுங்கண்ணே" என்றேன். "போன வாட்டி விடச் சொன்ன, இந்த வாட்டி இழுக்கச் சொல்ற. மூச்சு என்னுதா, உன்னுதா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தார். விலா பத்து. இருதயம் பாதிக்குள். விரல் சரி, திரை சரி, பிலிம் சரி. டாக்டர், 'இருதயம் நல்ல நிலை. மயக்கம் கரிப்புகையால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மயக்கத்துக்கு முந்தின நாளெல்லாம் தலை கிர்ரென்று இருந்தது, குழாய் இணைப்பில் புகை வந்தது என்று காத்தமுத்து முதலிலேயே சொல்லியிருந்தார். பிலிம் பேசும்போது அதை யார் கேட்டார்கள்?

கடிதத்தோடு இருவரும் விக்கிரமங்கலம் போனோம். டாக்டர் வரவில்லை. முதலாளி நாற்காலியில், தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். காத்தமுத்து வாசலுக்கு வெளியே நின்றார். நான் கடிதத்தைப் படித்தேன்.

"போன தடவ பெருசுன்னீங்க, இப்ப இல்லங்கறீங்க. என்ன வெளையாட்டா?"

"போன தடவை எடுத்த படத்துல சின்னப் பிசகுங்க."

"அதே மிஷினுலதான எனக்கும் எடுத்தீங்க? அதே டாக்டரு, அதே நீயி. அவன் படம் தப்புன்னா என் படம்?"

நான் கடிதத்தை மடித்து மடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எஞ்சின் போகும், டாக்டர் என்னைக் கொல்லுவார், தம்பிகள் நாளைக்கே கோர்ட்டுக்குப் போவார்கள், இந்த ஆள் என்னைப் பஸ்ஸிலேயே ஏற்ற மாட்டார். பொய் சொன்னால் காத்தமுத்து கொல்லையிலேயே. என் முழிப்பு அவருக்கும் தெரிந்தது. வெளியே இருந்து, தலையைக் குனிந்துகொண்டு, குரலைக் குழைத்து அவரே சொன்னார்:

"நல்லாக் கேட்டீங்க முதலாளி. முதலாளிக்கு இருக்கற நெஞ்சு எனக்கும் இருக்குமாங்களா? எங்கயாச்சும் அடுக்குமா?"

முதலாளியின் முகம் மலர்ந்ததே, அதை எந்தப் பிலிமிலும் பிடிக்க முடியாது.

"அதான பாத்தேன்! நானும் அன்னைக்கே நெனச்சேன், இவனுக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு இம்மாம் பெரிய நெஞ்சுன்னு. சரி, நாளைக்கே வண்டிய எடு."

"எடுக்கறேங்க. அந்தக் காலடிக் குழாய மாத்திப்புட்டா எடுக்கறேங்க. முதலாளி நாளைக்கு அந்த வண்டியில போனா, பெரிய நெஞ்சுக்குப் புகை ஆகாதுங்களே."

முதலாளி உடனே ஆளைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றச் சொன்னார்.

திரும்பும் வழியில் காத்தமுத்து வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"அவரு படமும் தப்புதான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுண்ணே?"

"உம் மூஞ்சியிலதான் எழுதி ஒட்டியிருக்கே." வரப்பில் காறித் துப்பினார். "ஒண்ணு சொல்றேன் கேளு எக்ஸ்ரே. வெரலு சரின்னுச்சு, தெரை சரின்னுச்சு, பிலிமும் சரின்னுச்சு. ஒண்ணுக்கும் அந்தாளு எந்திரிக்கல. நான் என்னையச் சின்னவனாக்கிக் காட்டுனதுக்குத்தான் சீட்டக் குடுத்தான். இதையும் உங்க டாக்டரு கட்டுரையில எழுதிக்கச் சொல்லு."

"எழுதவா?"

"மூச்சு விடாத."

அடுத்த திங்கட்கிழமை நான் முன் சீட்டுக்குத் திரும்பினேன். பஸ்ஸில் நெரிசல். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி காத்தமுத்து திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "எக்ஸ்ரே! எடம் பத்தல. எல்லாரையும் மூச்ச விடச் சொல்லு, கொஞ்சம் சுருங்குவாங்க!" பஸ்ஸே சிரித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

முதலாளி தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் இருதய நோயாளியாகவே வாழ்ந்தார். கடைசியில் வழுக்கி விழுந்துதான் போனார். அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். 'பெரிய இதயம் படைத்த பெருந்தகை' என்று கொட்டை எழுத்தில். நானும் காத்தமுத்துவும் கைத்தடியும் கண்ணாடியுமாக அதன் முன்னால் நின்று படித்தோம்.

"பாத்தியாய்யா, எல்லாம் நீ எடுத்த படம்" என்றார்.

"இப்பவாச்சும் சொல்லிடலாமாண்ணே?"

"யாருகிட்ட, செவத்துகிட்டயா? சும்மா வா."

போன வருஷம் காத்தமுத்துவும் போய்விட்டார். மலருக்குக் கேட்ட பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எந்த மிஷின் மேல் என்று எனக்குத் தெரியாது. ஆளிடம் என்ன சொல்லி நிறுத்தினீர்கள், அவன் காதில் அது என்னவாக விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் சொன்னதற்கும் காத்தமுத்து சொன்னதற்கும் கட்டுப்பட்டு இத்தனை காலம் மூச்சு விடாமல் இருந்தவன். போன மாதம் எக்கோ எடுத்த அந்தப் பெண் விடச் சொன்னாள்.

விட்டுவிட்டேன்.